ஸ்டாப் வந்தும் இறங்கலை: பள்ளிக்கூடம், படுக்கையில் அத்தை, நடுவில் நான்

நீலக்குடை | ஆகஸ்ட் 18, இரவு 11:52

வணக்கம். மூணு வருஷமா சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவ நான். இன்னைக்குத்தான் எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

போன செவ்வாய்க்கிழமை காலையில வழக்கமான டவுன் பஸ். எங்க பள்ளிக்கூட ஸ்டாப் வந்துச்சு. கண்டக்டர் "டீச்சர், இறங்கலையா?"ன்னார். காதுல விழுந்துச்சு. எந்திரிக்கணும்னும் தெரியுது. எந்திரிக்கலை. வலி இல்ல, மயக்கம் இல்ல, சும்மா உக்காந்திருந்தேன். பஸ் கிளம்பிடுச்சு. கடைசி ஸ்டாப்புல ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. காலி பஸ்ல நான் மட்டும். இருபது நிமிஷம் கழிச்சு அதே பஸ்ல திரும்பி வந்து இறங்கினேன். ஹெச்.எம். கிட்ட பஸ் பஞ்சர்னு பொய் சொன்னேன்.

எனக்குப் பயம் எதுலன்னா, அந்த இருபது நிமிஷம் அவ்வளவு சுகமா இருந்துச்சு.

எங்களோடது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பு, 41 பிள்ளைங்க. ஹெச்.எம். கூட்டம், பயிற்சி, வட்டாரக் கல்வி அலுவலகம்னு கிளம்பிட்டா அஞ்சு வகுப்பும் என் தலையில. ஒரே ஹாலுல அரும்பு ஒரு மூலை, மொட்டு ஒரு மூலை, மலர் ஒரு மூலை (பிள்ளைங்க கத்துக்கிட்ட நிலையை வச்சுப் பிரிக்கிற குழுக்கள்). நடுவுல செல்போன்ல வருகைப் பதிவு ஏறாம சுத்திக்கிட்டே கிடக்கும்.

வீட்டுல அத்தை. 76 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம், வலது பக்கம் விழுந்துடுச்சு. ஆறு மாசமா நினைவும் தடுமாறுது. நாலரைக்கு எந்திரிச்சா டயபர் மாத்தி, வெந்நீர்ல துடைச்சு, கஞ்சி ஊட்டி, பொண்ணு பிளஸ் டூ, அவளுக்கு டிபன் கட்டி... பகல்ல பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க சம்பளத்துக்கு இருக்காங்க. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து மறுபடி நான். பொழுது சாய்ஞ்சா அத்தைக்கு ஒரு தவிப்பு வரும். "வீட்டுக்குப் போகணும்"னு ஒரே பாட்டு. "வீட்டுலதானே இருக்கீங்க"ன்னா இடது கையால அடிக்க வருவாங்க. ராத்திரி மூணு தடவை எந்திரிக்கணும்.

கணவர் உரக்கடை வச்சிருக்கார். கெட்ட மனுஷன் இல்ல. ஆனா அம்மா ரூமை வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறதோட சரி. கொழுந்தனார் சென்னையிலேர்ந்து மாசம் மூவாயிரம் அனுப்புறார். நாத்தனார் கும்பகோணம். ஞாயித்துக்கிழமை போன் வரும்: "அம்மாவை நல்லா பாத்துக்கங்க அண்ணி."

இன்னொண்ணு. ஒண்ணாவது படிக்கிற பையன் ஒருத்தன் முதல் தடவையா தன் பேரைத் தப்பில்லாம சிலேட்டுல எழுதிக்கிட்டு வந்து நீட்டினான். நான் செல்போன்லேர்ந்து தலையைத் தூக்காம "போய் உக்காரு"ன்னேன். சாயங்காலம் பாத்தா அந்த சிலேட்டை அழிக்காம என் மேசை மேல வச்சிட்டுப் போயிருக்கான். 16 வருஷ சர்வீஸ்ல நான் இப்படி இருந்ததில்லை. அதைவிட, அந்த சிலேட்டைப் பாத்தும் எனக்கு ஒண்ணும் தோணலை.

எனக்கு என்ன ஆச்சு?

அதிகாலை_நடை | ஆகஸ்ட் 19, காலை 5:31

சகோதரி, கவலை வேண்டாம். தினமும் உங்களுக்கென்று 15 நிமிடம் ஒதுக்குங்கள். சூரிய நமஸ்காரம் 6 முறை, மூச்சுப் பயிற்சி, பிடித்த பாட்டு. இரவு ஒரு டம்ளர் பால். நம்மை நாம் கவனித்தால்தான் பிறரைக் கவனிக்க முடியும். நான் 8 வருடமாகக் கடைப்பிடிக்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை.

நீலக்குடை | ஆகஸ்ட் 19, இரவு 10:20

நன்றி அண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த 15 நிமிஷம் அத்தையை யாருகிட்ட விடறது?

பனைநிழல் | ஆகஸ்ட் 19, இரவு 11:05

இந்த ஒரு வரிக் கேள்விதான் முழு விஷயமும். சுய பராமரிப்புன்னு பேசுற எல்லாரும் தாண்டிப் போற இடம் அது.

நான் சென்னையில சிறப்புக் கல்வி ஆசிரியர். நீங்க சொன்னதுல மூணு விஷயம் தனித்தனியா இருக்கு. இறங்கத் தெம்பில்லாதது ஒண்ணு. சிலேட்டைப் பாத்தும் ஒண்ணும் தோணாதது ரெண்டு. "நான் இப்படி இருந்ததில்லை"ன்னு உங்க வேலை மேலேயே நம்பிக்கை போனது மூணு. கிறிஸ்டினா மாஸ்லாக்னு ஒரு உளவியலாளர் 1981ல வெளியிட்ட கேள்வித்தாள் இந்த மூணையும்தான் அளக்குது. அதுக்கு முன்னாடி 1974ல ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் நியூயார்க்ல இலவச கிளினிக்குல உழைச்சவங்களைப் பாத்து இதுக்கு பர்ன்அவுட்னு எழுதினார். கவனிங்க, பங்குச்சந்தை ஆட்களைப் பாத்து இல்ல. அடுத்தவங்களுக்காக ஓடினவங்களைப் பாத்து. அவரும் அதுல ஒருத்தர்.

நம்ம ஊர்ல சொல்லணும்னா அடிப்பிடிச்ச பால். மேல பாத்தா வெள்ளையாத்தான் இருக்கும். கரண்டி போட்டாத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய்ப் பட்டியலின் 11வது பதிப்புல இதைச் சேர்த்தப்போ, இது நோய் இல்ல, வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னு எழுதுச்சு. அதோட, வாழ்க்கையின் மத்த பகுதிகளுக்கு இந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாதுன்னும் சொல்லுது. அந்தக் கணக்குப்படி உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல மட்டும்தான் பர்ன்அவுட் வரலாம். வீட்டுல காலை நாலரையிலேர்ந்து செய்யறது "வேலை"யே இல்ல. எனக்கு இதுல கோபம் உண்டு. வீட்டு நோயாளியைப் பாத்துக்கிறவங்க சுமையை அளக்க ஸாரிட் கேள்வித்தாள்னு தனியா ஒண்ணு இருக்கு, 22 கேள்வி. ஞாபகமறதி வந்த முதியவங்களோட குடும்பத்துக்காக 1980ல தொடங்குனது. அதுல ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி: இவருக்குச் செலவழிக்கிற நேரத்தால உங்களுக்குன்னு நேரமே இல்லாம போச்சுன்னு நினைக்கிறீங்களா? "எப்பவுமே"ன்னு பதில் சொல்ற அம்மாக்களை வாரத்துக்கு நாலு பேர் பாக்குறேன். எங்க மையத்துக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வந்து வராண்டாவுல உக்காந்தபடியே தூங்கறவங்க. நாங்க அவங்களுக்கு ஆலோசனை சொல்றதை நிறுத்திட்டோம். பாய் போட்டுட்டோம்.

பழைய_ஹெச்.எம் | ஆகஸ்ட் 20, காலை 6:10

36 ஆண்டு சர்வீஸ். 14 ஆண்டு ஓராசிரியர் பள்ளி. அன்றைக்கு இந்த வார்த்தை எல்லாம் கிடையாது. 70 பிள்ளைகளை ஒரே ஆள் பார்த்தோம், சத்துணவுக் கணக்கும் எழுதினோம், வீட்டில் பெரியவர்களையும் பார்த்தோம். இன்றைக்குச் சின்ன விஷயத்துக்கும் மன அழுத்தம் என்கிறார்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு நாளைக்கு ஒரு "நல்லா இருக்குடா" சொல்லுங்கள், சரியாகிவிடும்.

பனைநிழல் | ஆகஸ்ட் 20, காலை 8:44

ஐயா, வீட்டுப் பெரியவங்களைப் "பார்த்தோம்"ங்கிறீங்களே. டயபருக்குப் பதிலா அப்ப வேட்டித் துணி. அதை அலசினது யாரு?

மெட்ரிக்_மிஸ் | ஆகஸ்ட் 20, மதியம் 3:58

ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுதுகிறேன், அதனால் அவசரம். நீலக்குடை, உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. உங்களுக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு) உண்டு. எனக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் சம்பளம் போகும். 13 வருட அனுபவம், கையில் வருவது 14 ஆயிரம். பொறாமையைச் சொல்லிவிட்டேன், இனி விஷயம்.

போன ஜனவரியில் எனக்குக் குரல் போனது. இ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு, பத்து நாள் பேசக்கூடாது என்றார். பேசாத டீச்சரை வைத்துப் பள்ளி என்ன செய்யும்? "போர்ட்டபிள் மைக் ஒண்ணு வாங்கிக்கங்க மிஸ்" என்றார்கள், என் காசில். வாங்கினேன். இடுப்பில் கட்டுகிற வகை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டும். 45 பேர் வகுப்பில் ஃபேன் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித்தான் பாதி உயிர் போகிறது.

டாக்டர் இன்னொன்று கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" நான் சிரித்துவிட்டேன். காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு டம்ளர். ஏன் என்று எந்த டீச்சரையும் கேளுங்கள். பாத்ரூமுக்கு மூன்று மாடி இறங்க வேண்டும், பீரியட் நடுவே வகுப்பை விட்டுப் போகக்கூடாது. ஆகவே தொண்டை காய்கிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது, தலைவலி வருகிறது, அதற்குப் பெயர் மன அழுத்தம். பாதி மன அழுத்தம் தாகம்தான்.

இப்போது நானும் பக்கத்து வகுப்பு மிஸ்ஸும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். பதினொரு மணிக்கு அவர் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்பார், நான் போய் வருவேன். இரண்டு மணிக்கு நான் நிற்பேன். பிரின்சிபாலிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் இரவு எட்டுக்கு மேல் பதில் சொல்வதையும் நிறுத்தினேன். கோஆர்டினேட்டர் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெல் அடிக்கிறது.

வரிகட்டுறவன் | ஆகஸ்ட் 20, மாலை 6:02

அரசு டீச்சர் 70, 80 ஆயிரம் வாங்கிட்டு மே மாசம் லீவு, சனி ஞாயிறு லீவு. பஸ்ல தூங்கிட்டுப் போனதுக்கு ஒரு இழையா? என் வரிப்பணம்

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 20, மாலை 6:40

மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. சம்பள விவாதத்துக்குத் தனி இழை ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

ஆறாம்_வார்டு | ஆகஸ்ட் 20, இரவு 9:15

நான் செவிலியர். வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற வேலை. உங்க மனசைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும். நான் அத்தையைப் பத்தி சில கேள்வி கேக்குறேன். ஏன்னா ராத்திரி மூணு தடவை எந்திரிக்கிறவங்களுக்கு முதல் மருந்து, அதை ஒண்ணாக்குறதுதான்.

தவிப்பு ஆறு மாசமா மெதுவா வந்ததா, இல்ல சமீபத்துல திடீர்னு கூடுச்சா? திடீர்னா முதல்ல சிறுநீர் டெஸ்ட் எடுங்க. டயபர்ல இருக்கிற வயசானவங்களுக்கு சிறுநீர்த் தொற்று வந்தா காய்ச்சலே இல்லாம வெறும் குழப்பமாத்தான் பல சமயம் தெரியும். "மூளை போயிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க. டாக்டர்கிட்ட காட்டாம மெடிக்கல்ல மாத்திரை மட்டும் வாங்கிடாதீங்க.

மலம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை? மூணு நாள் கட்டியிருந்தா அவங்களால சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும். தண்ணி குடுக்கிறீங்களா? டயபர் நனையுமேன்னு பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணியையே நிறுத்திடுற வீடு நிறைய. (மேல மெட்ரிக் மிஸ் சொன்னதே கதை. டீச்சரும் நோயாளியும் ஒரே காரணத்துக்காகத் தண்ணி குடிக்கிறதில்ல.)

பொழுது சாயும்போது ரூம்ல இருட்டு விழறதுக்கு முன்னாடியே லைட்டைப் போட்டுடுங்க. "இதுதான் வீடு"ன்னு வாதாடாதீங்க. "சரி அத்தை, காபி குடிச்சிட்டுப் போவோம்"னு சொல்லிப் பாருங்க. பொய்தான். ஆனா அவங்க கேக்குறது பெரும்பாலும் முகவரி இல்ல, ஒரு நிம்மதி.

படுக்கைப்புண் வராம இருக்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும்னு சொல்லியிருப்பாங்க. ஏர் பெட் இருக்கா? இருந்தாலும் புரட்டணும், ஆனா ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமான்னு தோலைப் பாத்துட்டு டாக்டரோ செவிலியரோ சொல்வாங்க. அக்குள்ல கைகொடுத்துத் தூக்காதீங்க. இடுப்புக்கடியில ஒரு பழைய கெட்டி பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சு இழுங்க. ரெண்டு பேர். இதை ஒருத்தரா செஞ்சுதான் உங்க வயசுக்காரங்க முதுகு போகுது.

மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம் 2021லேர்ந்து இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் அத்தை பேரைப் பதிவு பண்ணுங்க. இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்வாங்க. தினம் வரமாட்டாங்க. ஆனா வர்றப்போ தோலைப் பாப்பாங்க, குடும்பத்துல எல்லாருக்கும் புரட்டக் கத்துக்குடுப்பாங்க. அப்ப உங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல நிக்க வையுங்க.

நொய்யல்காரன் | ஆகஸ்ட் 21, இரவு 12:30

எங்கப்பாவுக்கு பார்க்கின்சன்ஸுங்க. ஏழு வருசம் பார்த்தேன், போன வருசம் போயிட்டாரு. ஆம்பளைன்னு மத்தவங்க கூடுதலா பாராட்டுவாங்க, உதவி மட்டும் வராதுங்க.

நான் செஞ்சதுல வேலைக்கு ஆனது ஒண்ணே ஒண்ணு. 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கி மூணு நாள் எழுதினனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க, மணியும் வேலையும். "2:10 எழுப்பினாரு, யூரின் கேன். 2:35 படுத்தேன். 4:05 இருமல், உட்கார வச்சேன். 4:50 படுத்தேன்." இப்படி. மூணாம் நாள் அதைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்புல போட்டேன். கீழ ஒரு வரி கூட எழுதலை. அதுக்கு முன்னாடி நாலு வருசம் அழுதிருக்கேன், சண்டை போட்டிருக்கேன், "உனக்கு அப்பா இல்லையா"ன்னு கேட்டிருக்கேன். பாசத்தைப் பத்திப் பேசினா எல்லாருக்கும் பதில் பேச வருமுங்க. மணிக்கு யாராலயும் பதில் பேச முடியாது.

அண்ணன் அடுத்த சனிக்கிழமை வந்தாரு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்தாரு. வந்தவரு என்ன பண்ணாருன்னு கேளுங்க. அப்பாவுக்கு இட்லியைப் பெரிய பெரிய துண்டா வாயில வச்சாரு. இருமல் வந்துருச்சு. நான் ஓடிப் போய் தட்டைப் புடுங்கிட்டு "விடு, நானே பாத்துக்கறேன்"னு கத்தினேன். அண்ணன் மூஞ்சி சுண்டிப் போச்சு. ஒன்றரை மாசம் வரலை. தப்பு என்னோடதுங்க. சின்னத் துண்டு, நிமிர்த்தி உட்கார வச்சு, முழுங்குனாரான்னு பாத்து அடுத்த வாய், இதை முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டு நான் வெளிய போயிருக்கோணும். நாம செய்யற மாதிரியே செய்யோணும்னு நின்னம்னா கடைசி வரைக்கும் நாமதான் செய்யோணும்.

அக்கா, அந்த ரூம் வாசல்ல நின்னு எட்டிப் பாக்குற மனுசன், உள்ள வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? அதை யோசிச்சுப் பாருங்க.

நீலக்குடை | ஆகஸ்ட் 21, இரவு 11:40

மூணு தடவை படிச்சேன். உண்மையைச் சொல்லணும். போன வருஷம் ஒரு நாள் அவர் டயபர் மாத்தப் போனார். "தள்ளுங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன். அதை மறந்தே போயிட்டேன்.

இன்னொண்ணு எழுதலாமான்னு தெரியலை. சில ராத்திரி, இது எப்ப முடியும்னு நினைக்கிறேன். முடியறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்தானே. பாவி மாதிரி இருக்கு.

ஆறாம்_வார்டு | ஆகஸ்ட் 22, காலை 6:55

எழுதினது நல்லது. நான் போற வீடுகள்ல நல்லா பாத்துக்கிற வீட்டுலதான் இதைக் காதுல கேப்பேன். பாக்காத வீட்டுல யாருக்கும் இப்படித் தோணாது.

ஆனா ஒண்ணு பிரிச்சுப் பாருங்க. "இது முடியணும்" வேற, "நான் முடியணும்" வேற. ரெண்டாவது ஒரு தடவை எட்டிப் பாத்தாலும் 14416க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. தூக்கமே வராம, சாப்பிடப் பிடிக்காம ரெண்டு வாரம் தாண்டினா மனநல மருத்துவரைப் பாத்துடுங்க. அது வெறும் சோர்வா இல்லாம மனச்சோர்வு நோயா இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு.

பழைய_ஹெச்.எம் | ஆகஸ்ட் 22, காலை 7:20

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் தெரியாமல் புலம்பிப் பயனில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர்தான். 41 பேருக்கு மூன்றாவது ஆசிரியர் கேட்டால் கோப்பு நகராது. சட்டம் பிள்ளையை எண்ணும், வகுப்பை எண்ணாது. ஆகவே அதைக் கேட்காதீர்கள். தலைமையாசிரியர் வெளிப்பணியில் இருக்கும் நாள்களுக்கு மட்டும் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணி ஆசிரியர் கேளுங்கள். கேட்பது வாய்மொழியாக அல்ல. போன மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதி தலைமையாசிரியர் வெளிப்பணி, அன்றைக்கு எத்தனை மாணவர் வருகை என்று ஒரு பக்கம் எழுதி, தலைமையாசிரியர் கையொப்பத்துடன் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொய்யல் தம்பி சொன்ன நோட்டுத்தான் இதுவும்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இம்மூன்று தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நான்காவது ஏதாவது தலையில் விழுந்தால் "எழுத்துப்பூர்வ உத்தரவு கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே நின்றுவிடும்.

சி.எல். ஆண்டுக்கு 12 நாள். டிசம்பர் 31ல் காலாவதி. இதுவரை எத்தனை எடுத்தீர்கள்?

நீலக்குடை | ஆகஸ்ட் 22, இரவு 10:03

ரெண்டு ஐயா. ரெண்டும் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக.

பழைய_ஹெச்.எம் | ஆகஸ்ட் 23, காலை 6:00

10 நாள் மீதம் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒளிந்துகொண்டு 20 நிமிடம் ஓய்வெடுத்திருக்கிறீர்கள். கணக்கு டீச்சரா நீங்கள்?

நீலக்குடை | அக்டோபர் 12, மாலை 4:45

ரொம்ப நாள் ஆச்சு. பனைநிழல் தனி மடல்ல விசாரிச்சதால எழுதுறேன்.

சிறுநீர்த் தொற்று இருந்துச்சு. டாக்டர் ஏழு நாள் மருந்து கொடுத்தார். அத்தைக்கு நினைவு திரும்பிடலை, ஆனா அந்த ராத்திரிக் கத்தல் குறைஞ்சுது. இப்ப பெரும்பாலும் ஒரு தடவைதான் எந்திரிக்கிறேன். "காபி குடிச்சிட்டுப் போவோம்" பத்துல ஆறு நாள் வேலை செய்யுது. மீதி நாலு நாள் காபி டம்ளர் பறக்குது.

சுகாதார நிலையத்துல பதிவு பண்ணினேன். இயன்முறை சிகிச்சைக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, என் பொண்ணைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். அது எங்க வீட்டுக்காரரைப் பாத்து "அப்பா, அந்தப் பக்கம் பிடிங்க"ன்னு சொல்லிச்சு பாருங்க, மறுபேச்சு இல்லாம பிடிச்சார். நான் 19 வருஷம் சொல்லாத மாதிரி!

நோட்டு எழுதினேன். வாட்ஸ்அப்புல போட தைரியம் வரலை. சாப்பாட்டு மேசையில திறந்து வச்சேன். அவர் ரெண்டு நாள் எதுவும் பேசலை. மூணாம் நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு அவரா அத்தை ரூமுக்குப் போனார். இப்ப ஒம்பது மணி டயபர் அவரோடது. முதல் வாரம் டேப்பை ஏறுமாறா ஒட்டி ரெண்டு தடவை படுக்கை நனைஞ்சுது. நான் அடுத்த ரூம்ல கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு, டேப் கிழியிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே, எந்திரிக்காம இருந்தேன். பஸ்ல எந்திரிக்க முடியாம போச்சே, இது வேற. இது ரொம்பக் கஷ்டம். நொய்யல்காரன் அண்ணனைத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேன்.

நாத்தனார் காலாண்டு லீவுல நாலு நாள் வந்தாங்க. சமையலறையை முழுசா மாத்தி அடுக்கிட்டாங்க, இன்னும் சீரக டப்பாவைத் தேடுறேன். "பகல்ல இருக்கிற அக்காவுக்கு இவ்வளவு சம்பளமா?"ன்னு ஒரு குத்தல். ஆனா அந்த நாலு ராத்திரியும் நான் மாடியில படுத்தேன். கொழுந்தனார் வரலை. மூவாயிரம் அஞ்சாயிரம் ஆச்சு.

பள்ளிக்கூடக் கதை அவ்வளவு நல்லா இல்ல. ஐயா சொன்ன மாதிரி தேதியோட எழுதி ஹெச்.எம். கையெழுத்து போட்டு அனுப்பினோம். மாற்றுப்பணிக்கு ஒரு சார் ரெண்டு தடவை வந்தார். அப்புறம் அவங்க பள்ளியில ஆள் இல்லைன்னு நின்னு போச்சு. ரெண்டாவது கடிதம் கொடுத்திருக்கோம். தண்ணி பாட்டிலை மேசை மேல வச்சிருக்கேன், மெட்ரிக் மிஸ். ஒரு பொண்ணு தினம் வந்து "டீச்சர், இன்னும் பாதி இருக்கு"ன்னு மிரட்டுறா.

அந்தப் பையன் சிலேட்டை இப்ப தானா நீட்டுறதில்ல. நான்தான் போய் எட்டிப் பாக்குறேன். கையால மறைச்சுக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு சி.எல். போட்டேன். வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அக்கா வழக்கம்போல வந்துட்டாங்க. எங்க போறதுன்னு தெரியலை. அதே பஸ்ல ஏறினேன். கண்டக்டர் மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே "ஸ்கூல்தானே டீச்சர்?"ன்னார். கடைசி ஸ்டாப்னேன். ஒரு மாதிரி பாத்தார். வேப்பமரத்தடியில டீ குடிச்சேன், ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல வந்தேன். வீட்டுக்கு வந்து அஞ்சு மணிக்கு வழக்கம்போல.

நொய்யல்காரன் | அக்டோபர் 12, இரவு 9:30

திட்டுங்க அக்கா, பரவாயில்லீங்க. கொழுந்தனாருக்கு அந்த நோட்டை அனுப்பிடுங்க.

மெட்ரிக்_மிஸ் | அக்டோபர் 12, இரவு 9:41

எட்டு மணிக்கு மேல் பதில் எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான். இது ஒன்று மட்டும்: அந்தப் பெண்ணுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

வைகறை_82 | அக்டோபர் 13, காலை 10:12

வணக்கம், புதியவன். என் மனைவியும் ஈராசிரியர் பள்ளிதான், சிவகங்கைப் பக்கம். அந்த மாற்றுப்பணிக் கடிதத்தின் மாதிரி கிடைக்குமா? அப்புறம் ஏர் பெட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும், மோட்டார் சத்தம் ரொம்ப இருக்குமா?

பழைய_ஹெச்.எம் | அக்டோபர் 13, காலை 10:50

கடிதம் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். தேதிகளை உங்கள் மனைவி நிரப்பட்டும். ஏர் பெட் பற்றி ஆறாம் வார்டு அம்மாவைக் கேளுங்கள், எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு வீட்டில்தான் பார்த்தார்கள்.

ஆறாம்_வார்டு | அக்டோபர் 13, மதியம் 1:35

சத்தம் இருக்கும், மீன்தொட்டி மோட்டார் மாதிரி. மோட்டாரைத் தரையில வைக்காதீங்க, கட்டில் கால்மாட்டுல மாட்டிடுங்க. கரண்ட் போனா காத்து இறங்குமா, எவ்வளவு நேரம் தாங்கும்னு கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்குங்க. யாருக்கு வாங்குறீங்க, எடை எவ்வளவு?